அகிலனுக்குச் சொல்லாமல் மேற்கு வர்ஜீனியா

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவுக்கு டிக்கெட் வேண்டும் என்றபோது, மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் பயண முகவராக இருக்கும் அன்ரி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "பிள்ளையளோட போறீங்கள், டிஸ்னிலாண்ட் காட்டேல்லையோ தம்பி?" என்றார். இத்தனை வருடத்தில் அந்த மாநிலத்துக்கு அவர் ஒருவருக்கும் டிக்கெட் போட்டதில்லையாம். மலை, காடு, நிலக்கரிச் சுரங்கம், இவற்றைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தார். அது பெரும்பாலும் சரிதான். தமிழில் தேடிப் பார்த்தேன், ஒருவரும் எழுதியிருக்கவில்லை. பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். ஆனால் இது சந்தோஷமான பயணம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுபாவும் நானும் 2007 இல் பிரிந்தோம். பெரிய சண்டை ஒன்றும் இல்லை, ஒரே வீட்டில் இரண்டு பேரும் களைத்துப்போனோம், அவ்வளவுதான். சுபா காட்டு மரங்களைப் பற்றிப் படித்தவர். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சின்னக் கல்லூரியில் வேலை கிடைத்து, இந்த வருடம் (2009) ஜனவரியில் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டாம் தவணை முடியும்வரை என்னோடு இருந்தார்கள். எனக்கு வேலை நகரத்தின் மறுகோடியில், வெரிபீயில். போக வர மூன்று மணித்தியாலம். மாலை ஆறரைக்கு, பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் கடைசியாக மிஞ்சி நிற்கும் இரண்டு பிள்ளைகள் என்னுடையவை. அந்த ஆறு மாதத்தில் நான் சமாளித்த அழகு எனக்கே தெரியும். பிள்ளைகள் அம்மாவோடு இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆகவே இந்தப் பயணத்தின் நோக்கம் ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு அந்த மாநிலத்தைச் சுற்றிக் காட்டி, பிடிக்க வைத்து, அங்கே விட்டுவிட்டு வருவது.

மூத்தவள் தாரணிக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எல்லாம் தெரியும். இளையவன் அகிலனுக்கு எட்டு. அவனுக்கு நாங்கள் சொல்லவில்லை. "ரெண்டு கிழமை லீவுக்கு அம்மாவைப் பாக்கப் போறம், ஸ்கூல் தொடங்கிற திங்கட்கிழமைக்கு வந்திடுவம்" என்று மட்டும் சொல்லி வைத்தோம். சுபாவும் நானும் கலியாணம் கட்டிய காலத்தில்கூட இவ்வளவு ஒற்றுமையாக ஒன்றைத் தீர்மானித்ததில்லை. "வந்து இடத்தைப் பாத்தால் அவனுக்குப் பிடிச்சிடும், பிறகு ஆறுதலாச் சொல்லுவம்," என்றார் சுபா தொலைபேசியில். நானும் ஓம் என்றேன். நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை. ஊசி போடக் கூட்டிப்போகும்போது கடைக்கு என்போம். செத்துப்போனவரைச் சுகமில்லை என்போம். பிள்ளை அழாமல் இருந்தால் போதும், அன்றைக்கு.

ஜூன் 27, சனிக்கிழமை காலை 11.20 க்கு விமானம். லாஸ் ஏஞ்சலஸ் வரை பதினான்கரை மணித்தியாலம், அங்கே ஐந்து மணித்தியாலம் காத்திருப்பு, பிறகு பிட்ஸ்பர்க் வரை நாலரை மணித்தியாலம். இந்த வருடம் கட்டணம் நன்றாக இறங்கியிருக்கிறது. எனக்குப் போக வர 1,480 டொலர், பிள்ளைகளுக்கு ஒருவழி, ஆளுக்கு 940. டிக்கெட் தாள்கள் மூன்றையும் என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அகிலன் வாசிக்கத் தெரிந்த பிள்ளை, கண்ட தாளையும் வாசிப்பான்.

பிட்ஸ்பர்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டலில் தூங்கி எழுந்து, காலை ஒன்பதரைக்கு வாடகைக் காரை எடுத்தோம். பெரிய கார் வேண்டாம், மலைப்பாதையில் நடுத்தரமானதே வசதி. வலப்பக்கம் ஓட்டுவது முதல் ஒரு மணித்தியாலம் தலையைச் சுற்றும். தாரணி முன் இருக்கையில் இருந்து ஒவ்வொரு சந்தியிலும் "கீப் ரைட், அப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அந்த நாட்களில் என்னோடு பேசியது பெரும்பாலும் அவ்வளவுதான். தெற்கே எல்கின்ஸ் என்ற ஊர் வரை 160 மைல், நின்று நின்று நாலு மணித்தியாலம். மாநில எல்லை தாண்டியதும் நிலம் மடிந்துபோகிறது. சமதரையே கிடையாது, ஒரு வளைவு முடிய அடுத்த வளைவு. அகிலன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தான்.

வழியில் பெற்றோல் நிலையத்தில் பெப்பரோனி ரோல் என்று ஒன்று விற்கிறார்கள். பாணுக்குள் இறைச்சியை வைத்துச் சுட்டது. சுரங்கத் தொழிலாளர் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனதாம். மீன் வைத்துச் சுடும் நம் மாலுபாணின் அமெரிக்கச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடச்சுட இருந்தால் நல்லது. அகிலன் மூன்று சாப்பிட்டான். கடைக்காரப் பெண் எங்கள் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எங்கிருந்து வருகிறோம் என்றார். அவுஸ்திரேலியா என்றதும், "இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். "ஹொலிடே," என்றான் அகிலன் வாய் நிறைய. தாரணி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

சுபாவுக்கு ஜூலை 4 வரை காட்டில் களவேலை. அதனால் முதல் கிழமை நாங்கள் மூன்று பேரும் தனியாகச் சுற்றினோம். பிளாக்வாட்டர் அருவி எல்கின்ஸிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள். நுழைவுக் கட்டணம் இல்லை. இருநூறுக்கு மேற்பட்ட மரப்படிகள் இறங்க வேண்டும், மழைக்குப் பிறகு வழுக்கும். மரச் சாறு கலந்து தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் விழுகிறது. நான் வீடு விற்கும் தரகர் மாதிரி கையை நீட்டி நீட்டி, "பாருங்கோ, எவ்வளவு வடிவு, இப்படி ஒரு இடம் மெல்பேர்னில இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இல்லை," என்றான் அகிலன். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் எரியவும் செய்தது. பிடிக்க வேண்டும் என்றுதான் கூட்டிவந்தேன். பிடிக்கிறதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஸ்ப்ரூஸ் நொப் அந்த மாநிலத்தின் ஆக உயரமான இடம், 4,863 அடி. கடைசிப் பகுதி கல்லுப்பாதை, மெதுவாக ஓட்டுங்கள். உச்சியில் மரங்களுக்கு ஒரு பக்கம்தான் கிளை இருக்கிறது, காற்று மற்றப் பக்கத்தை வளரவிடவில்லை. கல்லால் கட்டிய ஒரு கோபுரம் உண்டு. அதன் மேலே வைத்துச் சொல்வது என்று முதல் நாளே தீர்மானித்திருந்தேன். வார்த்தைகளைக்கூட எல்கின்ஸ் மோட்டல் குளியலறையில் சொல்லிப் பார்த்திருந்தேன். ஏறினோம். அகிலன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை ரிஷியையும் கூட்டி வருவோமா?" என்று கேட்டான். (பிள்ளைகள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், நான் தமிழில் எழுதுகிறேன்.) ரிஷி எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். ஆயத்த வகுப்பிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். "பாப்பம்," என்றேன். கீழே இறங்கிவிட்டோம்.

1983 இல் எனக்கும் பன்னிரண்டு வயது. கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்த பிறகு, வடக்கே காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏற்றும்போது அப்பா "ரெண்டு கிழமைதான், திரும்பி வந்திடுவம்" என்றார். நான் நம்பினேன். வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லத் தேவை இருக்கிறதென்றே தெரியவில்லை. அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. அப்பா மீது எனக்கு இருந்த கோபம் அவர் செத்துப்போன பிறகும் தணியவில்லை. அப்படிப்பட்ட நான்தான் கோபுரத்திலிருந்து பேசாமல் இறங்கி வந்தேன். புத்தி எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் காஸ் என்ற ஊரின் நீராவி ரயிலைத் தவறவிடாதீர்கள். பழைய மரம் ஏற்றும் ரயில். இஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, பெட்டிகளுக்குக் கூரை மட்டும்தான். கரித்தூள் பறக்கும், வெள்ளைச் சட்டை போடாதீர்கள். குறுகிய பயணம் இரண்டு மணித்தியாலம், எட்டு வயதுக்கு அது போதும். எங்கள் பெட்டியில் நின்ற வயதான பிரேக் ஊழியர் அகிலனைக் கூப்பிட்டுப் பிரேக் சில்லைப் பிடிக்க விட்டார். "ஒக்டோபரில் வா, மலை முழுக்கச் சிவப்பாக இருக்கும்," என்றார். "ஒக்டோபரில் எனக்கு ஸ்கூல்," என்றான் அகிலன். "மெல்பேர்னில்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மலையைப் பார்த்தேன்.

அடுத்த நாள் கிரீன் பாங்க் போனோம். வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்பதற்கு அங்கே பிரமாண்டமான வெள்ளைத் தொலைநோக்கி இருக்கிறது. அதற்கு இடைஞ்சல் என்று சுற்றுவட்டாரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரமே கிடையாது. பெற்றோல் இஞ்சினின் பொறிகூட இடைஞ்சலாம், அதனால் கிட்டப் போகும் வண்டி டீசலில் ஓடுகிறது. அகிலன் வண்டியின் முன்வரிசைக்கு ஓடியதும் தாரணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவின் ஊரிலும் ஃபோன் வேலை செய்யாது, இல்லையா?"

"வீட்டு ஃபோன் இருக்கு."

"இன்றைக்குச் சொல்லுங்கள். அவன் என்னிடம் தினமும் கேட்கிறான், எத்தனை நாள் மிச்சம் என்று. நானும் உங்களைப்போல் பொய் சொல்கிறேன். எனக்கு வெறுப்பாக இருக்கிறது."

"அம்மா வந்தவுடன சொல்லுவம் பிள்ளை."

அவள் எழுந்து தம்பியோடு போய் இருந்தாள்.

ஜூலை 5 ஞாயிறு மாலை சுபாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரின் பெயரை எழுதவில்லை, பிள்ளைகள் இருக்கும் இடம். எல்கின்ஸிலிருந்து தெற்கே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மர வீடு, பின்னால் ஓடை, குசினி ஜன்னலைத் திறந்தால் மலை. மாலை மங்கியதும் புல்வெளி முழுக்க மின்மினி கிளம்பியது. மெல்பேர்னில் பிறந்த பிள்ளைகள் மின்மினியைக் கண்டதே இல்லை, இருவரும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். சுபா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, "சொல்லிட்டீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "சரி, நாளைக்கு ரெண்டு பேருமாச் சொல்லுவம்," என்றார். திங்கட்கிழமை முழுக்க மழை. அகிலன் தாயின் மடியைவிட்டு இறங்கவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

செவ்வாய் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதிவு. பிள்ளைகளை வீட்டில் விடுவதற்கு ஆள் இல்லை, நால்வரும் போனோம். அகிலனிடம் சும்மா ஸ்கூல் பார்க்கப் போகிறோம் என்றேன். அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல மனுசி. பிள்ளைகளுக்கு இனிப்பு எடுத்துக் கொடுத்துவிட்டு, தடுப்பூசிப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார். நான் பையிலிருந்து எடுத்தேன். அகிலன் பிறந்த நாளிலிருந்து போட்ட ஊசி எல்லாம் எழுதிய புத்தகம் அது. எங்கள் வீட்டில் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். அட்டையில் அவன் மூன்று வயதில் பேனாவால் கிறுக்கியது இருக்கிறது. அந்தப் பெண் அதைப் புரட்டிவிட்டு அவனைப் பார்த்து, "மூன்றாம் வகுப்பு. ஓகஸ்ட் கடைசியில் சந்திப்போம்," என்று சிரித்தார்.

அவன் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை.

"என் புத்தகத்தை எதற்குக் கொண்டுவந்தீர்கள்?"

"ஸ்கூலில சேர்க்கிறதுக்கு, கண்ணா," என்றார் சுபா கடைசியில்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

தாரணி அழத் தொடங்கினாள். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"ரிஷிக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

"நான் அவனிடம் ஸீ யூ மண்டே என்றுதான் சொன்னேன்," என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாயோடும் தமக்கையோடும்கூட ஒன்றிரண்டு சொல்தான். சாப்பிட்டான், ஓடைக்குப் போனான், கல் பொறுக்கினான். நான் கிட்டப் போனால் எழுந்து வேறு கல்லில் போய் இருந்தான். அவன் வேண்டாம் என்று அழுதிருந்தால் தேற்றியிருப்பேன், அதற்குக் கைவசம் நூறு வார்த்தை இருந்தது. அவன் கேட்டது வேறு. அம்மாவோடு இருக்கப்போவது அவனுக்குத் துக்கம் இல்லை. பிரிகிறேன் என்று தெரிந்து பிரிவதற்கு நான் அவனை விடவில்லை என்பதுதான் அவன் துக்கம்.

வியாழன் மாலை ஆறு மணிக்குக் குசினிக்கு வந்து, "மெல்பேர்னில் இப்போது எத்தனை மணி?" என்று கேட்டான். பதினான்கு மணித்தியாலம் முன்னால், வெள்ளி காலை எட்டு என்றேன். ரிஷி வீட்டு இலக்கத்தை அழுத்தித் தரச் சொன்னான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு பதிவு இயந்திரம் பேசியது. குவீன்ஸ்லாந்துக்குப் போயிருக்கிறார்களாம், பள்ளி தொடங்கும்போது வருவார்களாம். அகிலன் ரிசீவரை வைத்துவிட்டான்.

"ஏதாவது சொல்லி வச்சிருக்கலாமே," என்றேன்.

"மெஷினுக்கு எப்படி பை சொல்வது?"

பிறகு சொன்னான்: "என் சைக்கிளை ரிஷிக்குக் கொடுங்கள். நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஹொலிடே என்று சொல்ல வேண்டாம்."

ஜூலை 11 சனி காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். தாரணி என்னைக் கட்டிப்பிடித்து, "கீப் ரைட்," என்றாள், பிறகு உள்ளே ஓடிவிட்டாள். அகிலன் இரவுச் சட்டையோடு வாசற்படியில் நின்றான். "போட்டு வாறன் ராசா. டிசம்பர் பத்தொன்பது நீங்கள் ரெண்டு பேரும் மெல்பேர்ன் வாறியள். அம்மா டிக்கெட் போட்டிட்டா," என்றேன்.

"டிக்கெட்டைக் காட்டுங்கள்," என்றான்.

சுபா உள்ளே போய் அச்சடித்த தாளைக் கொண்டுவந்தார். அவன் திகதி, விமான இலக்கம், தன் பெயர் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். பிறகு நாலாக மடித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பிட்ஸ்பர்க் வரை 220 மைல், நாலேமுக்கால் மணித்தியாலம். எங்கும் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை காலை மெல்பேர்னில் வந்து இறங்கியபோது மூன்றாம் தவணை தொடங்கிவிட்டிருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் நல்ல காலம். பகலில் நல்ல சூடு, மலையுச்சியில் குளிர், ஒரு தடித்த சட்டை வேண்டும். வரைபடத்தில் ஐம்பது மைல் என்றால் ஒரு மணித்தியாலம் என்று கணக்குப் போடாதீர்கள், ஒன்றரை வையுங்கள். மான் குறுக்கே பாயும், பொழுதுபட முன்னர் தங்குமிடத்துக்குப் போய்விடுங்கள். எல்கின்ஸைத் தாண்டினால் தாங்கி பாதி குறைந்ததுமே பெற்றோல் நிரப்புங்கள். சோறு கிடைப்பது கஷ்டம், ஒரு சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோனால் மோட்டல் அறையில் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கைத்தொலைபேசியை நம்பாதீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதென்றால் தடுப்பூசிப் பதிவை மறக்காமல் கொண்டுபோங்கள். அதை அலுமாரியிலிருந்து எடுக்கும்போதே பிள்ளையைக் கூப்பிட்டு, எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அழட்டும். கூட்டாளியிடம் போய்ச் சொல்லிவிட்டு வர அவனுக்கு ஒரு கிழமையாவது கொடுங்கள்.

போன சனிக்கிழமை சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரிஷி வீட்டுக்குப் போனேன். ரிஷியின் அம்மா ஷாமளா ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். "வாங்கண்ணே, எப்போ வந்தீங்க?" என்று கதவைத் திறந்தார். அவர் கைக்குக் கீழால் தலையை நீட்டிய ரிஷி என்னைப் பார்க்கவில்லை, என் காரின் பின் இருக்கையைப் பார்த்தான்.

"அகில் எங்கே, அங்கிள்?"

ஷாமளாவுக்கு யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு மகனின் தலையைத் தடவினார். "அவன் அம்மாகூட லீவுல இருக்கான்லா. கொஞ்ச நாள்ல வந்துருவான்."

நல்ல மனத்தோடுதான் சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

"இல்லை ரிஷி," என்றேன் ஆங்கிலத்தில். "அகில் இனி அங்கேதான் இருப்பான், அங்கேதான் பள்ளிக்கூடம். வருடத்தில் ஒரு தடவை வருவான். இந்தச் சைக்கிளை உனக்குக் கொடுக்கச் சொன்னான்."

அவன் சைக்கிளைத் தொடவில்லை.

"திங்கட்கிழமை பார்ப்போம் என்று சொன்னானே. பொய் சொன்னானா?"

"அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது. நான்தான் அவனுக்குச் சொல்லவில்லை," என்றேன். மூன்று கிழமை பிந்தி, வேறொருவர் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் அதை என்னால் சொல்ல முடிந்தது.